காதுக்கு எத்தனை புள்ளி

காது டாக்டரை ஊரே மின்னல் என்றுதான் கூப்பிடும். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, "காது அடைச்ச மாதிரி..." என்று ஆரம்பித்த வாக்கியத்தை முடிப்பதற்குள், அடைத்ததை எடுத்துத் தட்டில் வைத்துவிடுவார். வைத்தியம் நடந்ததே தெரியாமல் வீடுவரை போய், திரும்பி வந்து வரிசையில் நின்றவர்களும் உண்டு. அப்பேர்ப்பட்ட மின்னலை, எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு என்று அரசாங்கத்துக்காக எடைபோடும் மருத்துவக் கட்டணக் குழுவில் காது டாக்டர்களின் பிரதிநிதியாகப் போட்டார்கள்.

சேதி கேட்டதும் முதலில் போன் செய்தவள் அவருடைய அக்கா. அவளும் டாக்டர்தான், பொது மருத்துவம். கடைத்தெருக் கோடியில், செருப்புக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் கிளினிக். அக்காவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்: நோயாளியிடம் பேசுவாள். தலைவலி என்று வந்தவரிடம் தூக்கம், கடன், மருமகள், மாடி வீட்டுக்காரரின் நாய் என்று அரை மணி நேரம் விசாரித்து, வலி எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிடுவாள். ஆனால் இப்படிப் பேசிப் பார்ப்பதற்குக் கட்டணப் பட்டியல் கொடுத்த மதிப்போ கொசுவின் முழங்கால் அளவு.

"டேய், வர்ற மாசத்தோட கிளினிக்க மூடிடலாம்னு இருக்கேன். வாடகைக்கே காணல. பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஐயோ, உன்ன நம்பி வர்றவங்க எங்கக்கா போவாங்க?"

"அதான் நீ குழுவுக்குப் போறியே. பேசிப் பாக்கறதுக்குக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு. நீ வந்து சொன்ன பிறகு முடிவு பண்றேன். எப்பவும் போலப் பெருமை மட்டும் அடிச்சிட்டு வராத."

"நான் எப்பக்கா பெருமை அடிச்சேன்?" என்றார் உலகத்திலேயே வேகமாகக் காது பார்க்கிறவர்.

குழு கூடிய மேசை எவ்வளவு நீளம் என்றால், ஒரு முனையில் தும்மினால் மறுமுனைக்கு ஜலதோஷம் போய்ச்சேர மூன்று நாள் ஆகும். தலைவர் ஓய்வுபெற்ற இதய டாக்டர். மின்னலுக்கு எதிரே எலும்பு டாக்டர். பக்கத்தில் கண் டாக்டர் அம்மாள்.

"ரொம்ப சுலபம் டாக்டர்," என்றார் தலைவர். "ஒவ்வொரு வைத்தியத்துக்கும் இவ்வளவு புள்ளி. எவ்வளவு நேரம் ஆகுது, எவ்வளவு கஷ்டம், கை தவறினா என்ன ஆகும், இத வெச்சு நாம புள்ளி போடறோம். புள்ளிக்கு இவ்வளவு பணம்னு அரசாங்கம் சொல்லும். பெருக்கினா கட்டணம்."

"அப்போ பேசிப் பாக்கறதுக்குப் புள்ளிய ஏத்தலாமா?"

"தாராளமா. ஆனா மொத்தப் பணம் மாறாது. புள்ளி கூடினா ஒரு புள்ளியோட மதிப்பு குறையும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"ஏத்தினவங்களுக்குமா?"

"அவங்களுக்கும்தான்."

"அப்போ ஏத்தினா ஏறுமா, இறங்குமா?"

"ஏறி இறங்கும்," என்று தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல கேள்வி. இங்க வந்த நாள்லேர்ந்து நானும் அதத்தான் யோசிக்கிறேன்."

பிறகு எடைபோடும் வேலை தொடங்கியது. ஒரு முழங்கால் மாற்றம் எத்தனை கண்புரைக்குச் சமம்? கண் அம்மாள் இரண்டு என்றார். எலும்பு டாக்டர் ஐந்துக்குக் குறைந்து இறங்கமாட்டேன் என்றார். மின்னல் தன் தாளில் "1 முழங்கால் = 3 கண்?" என்று எழுதிப் பார்த்து, பயந்துபோய் அடித்தார். தலைக்குள் கண்களும் முட்டிகளும் தட்டாமாலை சுற்றின. அதற்கு நடுவிலும் அக்கா நினைவுக்கு வர, எழுந்து நின்று, பேசிப் பார்ப்பதற்குப் புள்ளி போதாது என்று கேட்டேவிட்டார்.

"ரொம்ப நியாயம்," என்றார் எலும்பு டாக்டர். "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? யார் பங்கக் குறைக்கலாம், சொல்லுங்க."

அதுவரை உடன்பிறப்புகளாக இருந்த அத்தனை பேரும் கூரையில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். தலைவர் அடுத்ததற்குத் தாவினார். அடுத்தது, காது அழுக்கு எடுப்பது.

"காது டாக்டருங்களையே கேட்டோம். இருபது நிமிஷம் ஆகும்னு சொல்லியிருக்காங்க."

"இருபது நிமிஷமா?" எலும்பு டாக்டர் சிரித்தார். "காதுல அழுக்கு எடுக்கறீங்களா, கிணறு தூர் வாரறீங்களா? சாருக்குக் கை கொஞ்சம் மெதுவோ?"

மின்னலுக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. காதில் புகை வந்தது. காது டாக்டர் என்பதால் நன்றாகவே வந்தது.

"மெதுவா? நானா? ரெண்டே நிமிஷம்! கண்ணக் கட்டிவிட்டாலும் ரெண்டே நிமிஷம்!"

"குறிச்சுக்குங்க," என்றார் தலைவர் மெல்ல. காதுக்கான புள்ளி, படியில் உருண்ட பூசணிக்காய் போல இறங்கியது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கண் அம்மாள் கிசுகிசுத்தார். "எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது!"

மின்னலுக்குத் திடீரென்று ஒரு நம்பிக்கை. "காதுல மிச்சமானது பேசிப் பாக்கறதுக்குப் போகுமா?"

"போகும். மத்த ஆயிரக்கணக்கான வைத்தியத்துக்கும் சேர்ந்து போகும்," என்றார் தலைவர். எலும்பு டாக்டர் எழுந்து வந்து, முழங்கால் சார்பாகக் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

சாயங்காலம் அக்கா கிளினிக்கில், ஊரிலுள்ள காது டாக்டர்கள் அத்தனை பேரும் திட்டித் தீர்த்த போனை அணைத்துவிட்டு மின்னல் உட்கார்ந்திருந்தார்.

"ஏறிச்சா?" என்றாள் அக்கா.

"ஏறிச்சு."

"எவ்வளவு?"

"கொசுவோட முழங்கால்ல ஒரு முடி."

நடந்ததைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"என் கிளினிக்குக்கு இனி வாடகை கட்டுப்படியாகாதுக்கா. கண்ணாடிக் கதவு, ஏசி, மீன்தொட்டி... மீனையே வித்தாத்தான் உண்டு."

அக்கா எழுந்துபோய், உடைந்த நாற்காலிகள் அடைத்திருந்த பின் அறையைத் திறந்து காட்டினாள். "இங்க வந்துடு. வாடகையப் பிரிச்சுக்கிட்டா நானும் மூட வேணாம்."

"அப்போ நான் உன் கிளினிக்கக் காப்பாத்தினேனா, என்னோடத மூடினேனா?"

"ரெண்டும்தான்டா. வாடகைய நேரக் கணக்குல பிரிப்போம். ஒரு ஆளுக்கு எனக்கு அரை மணி. உனக்கு எவ்வளவு?"

மின்னல் சுதாரித்தார். காலையில் சூடுபட்ட நாக்கு. இடமும் வலமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இருபது நிமிஷம்," என்றார்.

"ஏறக்குறையப் பாதி வாடகை உன்னோடது," என்று அக்கா சந்தோஷமாகச் சாவியை நீட்டினாள். "போய் இன்னொண்ணு அடிச்சிட்டு வா."

எங்கேயோ இடிக்கிறதே என்று தலையைச் சொறிந்தபடி மின்னல் பக்கத்துச் சாவிக் கடைக்குப் போனார்.

"எவ்வளவு நேரம்ணே ஆகும்?"

"சாவிக்கா? ரெண்டே நிமிஷம் சார்!"

"ஐயையோ," என்று மின்னல் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார், "வெளிய சொல்லாதீங்கண்ணே!"