இரண்டு இடது கைகள்

"கிட்டார் ஒல்லியா இருக்குங்க. ஆறு மணிக்குள்ள சரிபண்ணி அனுப்புங்க. இல்லன்னா ஸ்டுடியோக்காரர் போட்டுக் குடுத்த பாட்டையே படத்துல வெச்சுக்கிறேன்." குறும்பட இயக்குநரின் குரல் செய்தியை மூன்றாம் முறை கேட்டுவிட்டு ஹெட்போனை மெத்தையில் வீசினேன். மணி நாலரை.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. ஒரு மூலை என் லேப்டாப்புக்கு. மற்ற மூன்றும் அம்மாவின் தையல் மெஷினுக்கும், வந்து குவியும் பள்ளிச் சீருடைகளுக்கும். மெஷின் ஓடினால் மைக்கில் மழை பெய்யும். காலையில் அம்மா ஐந்து நிமிடம் நிறுத்தினாள். அதற்குள் ரிதம் கிட்டாரை ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தேன். அவளுக்கும் ஆறு மணிதான் கெடு. மறுபடி நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு பதிவையே நகலெடுத்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் தள்ளினேன். பாட்டு அகலமாகும் என்று நினைப்பு. சத்தம்தான் கூடியது, கிட்டார் நடுமண்டையை விட்டு நகரவில்லை. இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். யாரையும் கேட்காமல் படித்து யாரையும் கேட்காமலே தப்புப் பண்ணிப் பழகியவள்.

"ஏன்டி சாமானெல்லாம் பறக்குது?" என்றாள் அம்மா.

"ஒரே வாசிப்ப ரெண்டு பக்கமும் வெச்சேன்மா. சரியா வரல."

"சட்டைக்கு ரெண்டு இடது கை வெட்டுன மாதிரியா?" அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரம், பூப்போட்ட துணியில் எட்டுச் சட்டைக்கு அவள் அப்படி வெட்டிக் கெடுத்தாளாம். "வலதுக்குத் தனியா வெட்டணும்டி. நீயும் இன்னொருக்கா வாசி."

"உனக்கு எத்தன சட்டை பாக்கி?"

"பதினொண்ணு."

"அப்ப வேணாம், விடு."

"நீ என்ன எனக்கு முதலாளியா? எடுடி அத."

மெஷினை அணைத்தாள். மின்விசிறியையும் அணைத்தாள். மடியில் ஒரு காலரை வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைத்தால் வளையல் சத்தம் போடும் என்று துடைக்கவில்லை. நான் வாசித்தேன். காலையில் வாசித்த அதே பாட்டுதான். ஆனால் எங்கோ ஒரு மயிரிழை முந்தியது, எங்கோ பிந்தியது. காலைப் பதிவை இடப்பக்கம் வைத்து, இதை வலப்பக்கம் தள்ளிக் கேட்டேன். எங்கள் அறைக்கு இல்லாத அகலம் அந்தப் பாட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

ஐந்தேகாலுக்கு அனுப்பினேன். அதற்குள் அம்மாவின் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. பதிலுக்காகப் போனைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துப் பித்தான் தைக்க உட்கார்ந்தேன். பட்டம் வாங்கியபின் இதைத் தொடமாட்டேன் என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்! அம்மா பித்தான் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான்.

அவள் தலையில் ஹெட்போனை மாட்டிப் பாட்டை ஓடவிட்டேன். இடப்பக்கம் திரும்பினாள். பிறகு வலப்பக்கம், யாரோ கூப்பிட்டதுபோல. அவள் கைகள் துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தன. மெஷின் மட்டும் ஓடவில்லை. குனிந்து பார்த்தேன். மிதியின் மேல் படாமல், ஒரு விரற்கடை உயரத்தில், அவள் பாதம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.