நூற்றுப்பத்து டிகிரியில் நிற்கும் மூடி

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பழங்காநத்தத்தில் என் மகளைக் கணினி வரைபட வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், திரையில் இருந்த இரும்பு மூடி ஒன்றை மௌஸால் திறந்து காட்டினாள். மூடி நிமிர்ந்தது, கொஞ்சம் பின்னால் சாய்ந்தது, அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் நகரவில்லை.

"எதும்மா பிடிச்சு நிறுத்துது?"

"நூத்திப்பத்து டிகிரின்னு லிமிட் குடுத்திருக்கேன் சார். அதுக்கு மேல சுத்தாது."

அடேயப்பா, ஒரு எண் இரும்பைப் பிடித்து நிறுத்துகிறதா? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கதை எழுதத் தெரியும், அதில் பொய்யடக்கமெல்லாம் கிடையாது. தொடக்கம் மட்டும்தான் கொஞ்சம் படுத்தும்.

'2004ஆம் ஆண்டு. மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு…' (வேண்டாம். மதுரை வெயிலை மதுரைக்காரர்களிடமே சொல்ல வேண்டுமா?)

'பிருந்தாவுக்குச் சிறுவயதிலிருந்தே படம் வரைவதில்…' (இதுவும் வேண்டாம். சிறுவயதில் ஆரம்பித்தால் கல்யாணத்தில் போய்த்தான் நிற்கும்.)

கீழே இருப்பது மூன்றாவது. இது நிற்கும்.

2

மூடி முழுச் சுற்றுச் சுற்றியதைப் பார்த்துப் பிருந்தா சிரித்துவிட்டாள்.

அவள் கம்ப்யூட்டரில் வரைந்த, கடலை உடைக்கும் மிஷினின் மூடி அது. வேறொரு ஆர்டருக்காக அதை மாற்றிக்கொண்டிருந்தபோது, கோண வரம்பைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டிருந்தாள். அவ்வளவுதான், மூடி கீலைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், இரும்புப் பெட்டிக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. ஃபேன் மாதிரி சுற்றுகிறதே என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

பட்டறைக்கு அனுப்பிய வரைபடத்தின் நகல் சுவரில் ஒட்டியிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு இருந்தது. மூடியைப் பிடித்து நிறுத்த ஒரு துண்டு இரும்புகூட இல்லை. வரம்பு திரையில்தான் இருந்தது, தாளில் ஏறவே இல்லை. திரையில் தினமும் அழகாக நின்ற மூடியைப் பார்த்துப் பார்த்து, அது தானாகவே நிற்கும் என்று நம்பிவிட்டாள். திறக்க ஓர் ஆள் போதும். விழுந்தால் தாங்க ஓர் ஆள் போதாது.

மிஷின் வாங்கியவர்கள் கீழக்குயில்குடி நல்லகாமனும் அவர் மனைவி மாயக்காளும். போன மாதம் மாயக்காள் இந்த ஆபீஸுக்கு வந்து, திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாள்.

"இதுல நா எங்கன நிப்பேன் தாயி?"

பிருந்தா மிஷினுக்குப் பின்னால் விரல் வைத்துக் காட்டினாள். "இந்தப் பக்கம் நின்னு பருப்பை அள்ளுங்கக்கா. நல்லா காத்து வரும்."

மூடி பின்பக்கம் விழுந்தால் அந்த இடத்தில்தான் விழும். இன்று மத்தியானம் திருமங்கலத்தில், யூனுஸ் பட்டறையில் மிஷினை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

பிருந்தா உடனே பட்டறைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வெல்டிங் இரைச்சலில் யார் காதில் விழும்? ஆபீஸ் முதலாளி ஹரிராமிடம் ஓடினாள். அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.*

"இப்பப் போயி நம்ம டிராயிங் தப்புன்னு சொன்னா, அடுத்த வேலை நமக்கு வருமா? பேசாம இரு. பட்டறைக்காரங்க பாத்துக்குவாங்க."

"நிக்கப்போறது மாயக்காள்ண்ணா. அங்க நிக்கச் சொன்னதே நாந்தான்."

"உக்காரு பிருந்தா."

கீழே இரும்புக் கடையில் யாரோ சங்கிலியை அளந்து இழுக்கும் சத்தம் மாடிவரை கேட்டது.**

* இருவரும் பேசியது சௌராஷ்டிர மொழியில். எனக்கு அது வராது. தமிழில் போட்டிருக்கிறேன், கோபம் மட்டும் அசல்.

 ** இந்தக் கடை முதல் பிரதியில் இல்லை. ஏன் வைத்தேன் என்று பிறகு தெரியும்.

3

இந்த இடத்தில் பிருந்தா உட்கார்ந்துவிட்டாள். நான்தான் உட்கார வைத்தேன். பயந்த பெண், அண்ணன் சொல்லை மீற மாட்டாள் என்று முதல் நாளே முடிவு கட்டியிருந்தேன். இரண்டு நாள் அவளை நாற்காலியிலேயே வைத்து எழுதினேன். கதை நகரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. எது அவளைப் பிடித்து நிறுத்துகிறது? அப்பா இல்லாத வீடா, கடனா, பயமா? அப்படி எதையும் நான் கதையில் வைக்கவில்லை. வெறுமனே என் முடிவு, நான் கொடுத்த ஒரு எண். அவள் செய்த அதே தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

வரம்பை எடுத்தேன். பிருந்தா எழுந்துவிட்டாள். ஹரிராம் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் படியிறங்கினாள். இரும்புக் கடையில், இரண்டு முனையிலும் கொக்கி வைத்த சங்கிலி ஒன்றை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு திருமங்கலம் பஸ்ஸில் ஏறினாள். சபாஷ் பெண்ணே என்று வாய்விட்டே சொன்னேன்.

4

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்று: யூனுஸ் ஏற்கெனவே ஒரு தடுப்பை வெல்டிங் வைத்திருக்கிறார், எல்லோரும் டீ குடிக்கிறார்கள். நடக்காது. வரைபடத்தில் இல்லாததை அவர் வைக்கவே மாட்டார். அந்தப் பெயருக்காகத்தான் அவரிடம் வேலை கொடுக்கிறார்கள்.

இரண்டு: மூடி மாயக்காள் மேல்… (எழுதினேன். கிழித்துப் போட்டேன். மனசு கேட்கவில்லை.)

மூன்று: 'மூடி நூற்றுப்பத்து டிகிரியில் நின்றது.' நான்கே வார்த்தை, எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் எது நிறுத்தியது என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும்.

5

பிருந்தா பட்டறைக்குள் நுழைந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினுக்குப் பின்னால் மாயக்காள் முறத்தோடு நின்றாள். யூனுஸ் அவளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அங்க எதுக்கு நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க."

"அந்தப் புள்ள இங்கனதாண்ணே நிக்கச் சொல்லுச்சு. காத்து வருமாம்." அவளும் கத்திவிட்டுப் பருப்பை அள்ளக் குனிந்துகொண்டாள்.

முன்பக்கம் நல்லகாமன் கைப்பிடியைப் பிடித்து மூடியைத் தூக்கினார். மூடி நிமிர்ந்தது. சாய்ந்தது.

"தொறக்காதீங்க! அதை நிறுத்த ஒண்ணுமில்ல, நா வரையாம விட்டுட்டேன்!"

இஞ்சின் சத்தத்தில் யூனுஸுக்கு மட்டும் கேட்டது. ஓடிப்போய் நல்லகாமனோடு சேர்ந்து கைப்பிடியைப் பற்றினார். மூடி நூற்றுப்பத்தைத் தாண்டியது. நான்கு கைகளும் மேலே இழுபட்டன. பிருந்தா பையிலிருந்து சங்கிலியை உருவி, எம்பி, ஒரு கொக்கியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டாள். மறுமுனையை மிஷினின் முன்காலில் மாட்ட வேண்டும். அது துள்ளி விலகிப் போய்விட்டது, அவள் கைக்கு எட்டவில்லை. மற்ற இருவருக்கும் கை ஒழியவில்லை.

இனி நான் எழுதினால் மறுபடி ஓர் எண்ணைத்தான் எழுதுவேன். இரும்பு அதற்குக் கட்டுப்படாது. சங்கிலியின் மறுமுனை இதோ, இந்தப் பக்கத்துக்கு வெளியே தொங்குகிறது. யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், பிடித்து இழுங்கள். மாயக்காள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.