பச்சைக் கட்டம்

பதினோராவது திருகாணி மட்டும் கழல மாட்டேன் என்று அடம் பிடித்தது. அம்மாவின் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சின்னவள் அதன் முதுகில் திருப்புளியை அழுத்தித் திருகிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அம்மா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். வருகிறவர்கள் முதலில் அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு சின்னவளைப் பார்த்தார்கள். இரண்டாவது பார்வைதான் சற்று நீளமாக இருந்தது.

அம்மாவின் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்னடி இது? அவ அங்க கிடக்கா, நீ இங்க கடை விரிச்சு உக்காந்திருக்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"மூணு மணிக்குத்தான் வண்டி பெரியம்மா. அதுவரைக்கும் நான் சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

"நாளைக்குப் பண்ணக் கூடாதா?"

"திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. அதுக்குள்ள எடுத்துடுவேன்."

எடுத்துவிடுவேன் என்று அவள் சொன்னால் எடுத்துவிடுவாள். ஒன்பது வருடமாக மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவள். மாடியிலிருந்து விழுந்தது, குழம்பில் குளித்தது, குழந்தை பல் பதித்தது என்று அவள் கைக்கு வந்து பிழைக்காமல் போனவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. அம்மாவுக்கும் அதில் பெருமை உண்டு, வெளியே சொன்னதில்லை.

காலையில் பள்ளித் தலைமையாசிரியர் வந்திருந்தார். மலர் வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சின்னவளைத் தனியே கூப்பிட்டு, "இந்த நேரத்துல கேக்கறது தப்புதாம்மா" என்று ஆரம்பித்து, கேட்டும்விட்டார். அம்மா அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அதோடு இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியின் கால அட்டவணை போடுகிறவள். இருபத்தெட்டு வகுப்பு, முப்பத்துநான்கு ஆசிரியர்கள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. எந்த ஆசிரியரும் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்கக் கூடாது. எந்த வகுப்பும் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஆளுக்கொரு நிறம் கொடுத்திருந்தாள். நிறங்கள் தீர்ந்துபோய்ப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கோடு போட்ட நிறம். தனக்கு அழுக்கு மஞ்சள் வந்துவிட்டது என்று உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பச்சையை அம்மா தனக்கு எடுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பறேன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. பழைய அட்டவணை உதவாதும்மா. நாலு பேர் போயாச்சு, ஆறு பேர் புதுசு. திங்கக்கிழமை ஆயிரத்து நூறு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்னு தெரியல."

அந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆவதற்கு முன்பே, மூன்றரை மணிக்கு, அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. எழுதும் மேசையிலிருந்து சரிந்தபோது கால் ஒயரில் மாட்டி, மடிக்கணினியும் கூடவே தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தாள்.

ஆயிரத்து நூறு பிள்ளைகளுக்காகச் சின்னவள் திருப்புளியை எடுக்கவில்லை. புதன்கிழமை அம்மா போன் செய்திருந்தாள்.

"லேப்டாப் ஒரு மாதிரி இருக்கு. வந்து பாக்கறியா?"

"ஒரு மாதிரின்னா எப்படிம்மா?"

"ஒரு மாதிரி."

அன்று கடையில் ஏழு மடிக்கணினிகள் வாயைப் பிளந்து கிடந்தன. "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்றாள் சின்னவள்.

"சரி. ஞாயித்துக்கிழமை பத்து மணி. போட்டுக்கறேன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். கோபமாக இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். ஊரார் மடிக்கணினிக்கெல்லாம் அன்றைக்கே, பெற்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமையா என்று. நேற்றிலிருந்து அதுதான் அவள் நெஞ்சைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை போயிருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அதை இனித் திருத்த முடியாது. இதையாவது செய்தாக வேண்டும்.

அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தான். பேருந்து ஓட்டுகிறவன், சாலையைத் தவிர வேறு எதையும் கூர்ந்து பார்த்துப் பழக்கமில்லாதவன்.

"அம்மா போட்டோ எடுக்கலாம்னு நான் ராத்திரியே பாத்துட்டேன். உள்ளயே விட மாட்டேங்குது."

"என்ன போட்டுப் பாத்த?"

"உன் பொறந்த நாள், என் பொறந்த நாள், அப்பா தவறின நாள். ஒண்ணும் ஆகல."

"அலமாரிக் கதவைத் தொறந்து பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்காதே என்று சின்னவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதற்கு மரியாதை கொடுத்து, அம்மா அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி, மேலே தன் கைப்பையைத் தொங்கவிட்டு மறைத்திருந்தாள். காலையில் சின்னவள் அதைப் போட்டுப் பார்த்தாள். வரவேற்பு வந்தது, சக்கரம் சுற்றியது, மறுபடி கடவுச்சொல் கேட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை, கணக்கைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அவள் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே டிக், டிக் என்று நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சட்டென்று அணைத்துவிட்டாள்.

"பாஸ்வேர்டு சரிதாண்ணா. காவல்காரன் விட்டுட்டான். உள்ள வீடுதான் இடிஞ்சு கிடக்கு. விழுந்தப்போ டிஸ்க் ஓடிக்கிட்டிருந்திருக்கு, அதுல அடி. சும்மா சும்மா ஆன் பண்ணினா இன்னும் கீறல் விழும்."

"நான் ராத்திரி ஏழெட்டுத் தடவை பண்ணினேனே."

"தெரியும். சூடா இருந்துச்சு."

அவன் முகம் விழுந்துவிட்டது. "பரவால்ல விடு" என்றாள், திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேற பிரதி எதுவும் வச்சிருக்க மாட்டாங்களா?"

வைத்திருந்தாள். மேசை இழுப்பறையில், நூல் கட்டிய பென்டிரைவ். அதைத் தலைமையாசிரியர் போனதுமே சின்னவள் தன் கணினியில் போட்டுப் பார்த்தாயிற்று. தேதி வாரியாக நாற்பத்தோரு கோப்புறைகள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொன்றையும் திறந்தால், உள்ளே கோப்பு இல்லை, கோப்பைக் காட்டும் குறுக்குவழிப் படம் மட்டும் இருந்தது. திரையில் இருக்கிற படத்தை இழுத்து இதில் போடு என்று சொல்லிக் கொடுத்தவள் சின்னவள்தான். அம்மா அதைத்தான் செய்திருந்தாள், அட்சரம் பிசகாமல்.

"வீட்டை எடுத்து வைக்கச் சொன்னா, வீட்டுக்குப் போற வழியை எழுதின சீட்டை எடுத்து வச்சிருக்காங்க. நாப்பத்தோரு நாளும்" என்றாள் சின்னவள்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

பதினோராவது திருகாணி கழன்றது. உள்ளங்கை அகல டிஸ்க்கை வெளியே எடுத்து, தான் கொண்டுவந்திருந்த பெட்டியில் பொருத்தி, தன் கணினியோடு இணைத்தாள். சரிசெய்யட்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்றாள். அடிபட்டதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினால் மிச்சமும் போய்விடும். முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் நகல் எடுக்க வேண்டும், படிக்க முடியாததைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வர வேண்டும். அந்த மென்பொருளுக்கு அவசரம் என்பதே கிடையாது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, கூடத்தில் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

நகல் இருபத்திரண்டு சதவீதம் ஆனபோது யாரோ ஒரு உறவுக்காரர் தன் போனுக்கு மின்னேற்ற, ஒயரைப் பிடுங்கிவிட்டார். சின்னவள் அவர் போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பிறகு ஒரு தாளில் 'தொட்டால் கை இருக்காது' என்று எழுதி மேசையில் ஒட்டினாள். மூன்று மணிக்கு வண்டி வந்தபோது அறுபத்தொன்று. இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போனாள்.

திரும்பி வந்தபோது ஆறு மணி. வீடு கழுவிவிட்ட ஈரத்தோடு இருந்தது. குளித்துவிட்டு வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். நகல் முடிந்திருந்தது, நூற்றில் ஒரு பங்குகூடச் சேதமில்லை. ஆனால் கால அட்டவணைக் கோப்பு சரியாக அந்தச் சேதத்தில்தான் மாட்டியிருந்தது. திறக்க மறுத்தது.

அவள் அசரவில்லை. அம்மா சேமிக்க மறந்தாலும், கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு நகல் எடுத்து யார் கண்ணுக்கும் தெரியாத கோப்புறையில் போட்டு வைக்கும். அந்த உறைக்குள் போனாள். வெள்ளிக்கிழமை, மூன்று இருபது. திறந்தாள்.

திறந்துகொண்டது.

நிறங்களெல்லாம் திரையில் வந்து நின்றன. அழுக்கு மஞ்சள்கூட அழகாகத்தான் இருந்தது. "அண்ணா, வந்துடுச்சு" என்றாள். அவன் ஈரத் தலையோடு ஓடி வந்து பின்னால் நின்றான். ஒரு கட்டமும் காலியில்லை. அம்மா முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். சின்னவள் மேலிருந்து கீழே நகர்த்தினாள். மறுபடி மேலே போனாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.

"அம்மா நிறம் எங்க?" என்றான் அண்ணன்.

பச்சை எங்குமே இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு, கோடு போட்ட நீலத்துக்குப் போயிருந்தது. மற்ற வகுப்புகளை இரண்டு பேருக்குப் பங்கு பிரித்திருந்தாள். மறந்து விட்டதாக இருக்காது. ஆயிரத்துச் சொச்சம் கட்டங்களில் ஒன்றைக்கூட மறக்காதவள்.

கீழே இன்னொரு தாள் இருந்தது. அதன் பெயர் 'வீடு'. எல்லா அட்டவணையிலும் போடுகிற மாதிரி மூலையில் தயாரித்த நாளையும் போட்டிருந்தாள்: செவ்வாய். அவள் போன் செய்ததற்கு முந்தைய நாள்.

அந்தத் தாள் முழுக்கப் பச்சையாக இருந்தது. திங்கள் காலை எட்டு: மருத்துவமனையில் சேர்வது. புதன் காலை: இதய ஆபரேஷன். அடுத்த பத்து நாளுக்கும் யார், எப்போது என்று பிரித்துப் போட்டிருந்தாள். சின்னவளுக்கு ஆரஞ்சு, கடை பதினொன்றுக்குத் திறப்பதால் தினமும் காலை ஏழு முதல் பத்து வரை. பெரியவனுக்கு ஊதா; பகல் வண்டி ஓட்டுகிறவன், அதனால் மாலை. பெரியம்மாவுக்கு ரோஸ், தினமும் நாலு முதல் நாலரை வரை மட்டும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'அழுவாள்' என்று குறிப்பு.

எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிறு. மூன்றே மூன்று கட்டங்கள், பச்சை, ஆரஞ்சு, ஊதா மூன்றும் சேர்ந்து.

10.00 – சொல்வது.
10.15 – சின்னவள் சண்டை.
10.30 – டீ.

அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். சின்னவள் நகலின் உள்ளே போய், மடிக்கணினி தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும் ஏட்டைத் திறந்தாள். ஒரு மாதத்தை வரிவரியாகப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மூன்றரை வரை அதற்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"லேப்டாப்ல ஒண்ணுமே இல்லண்ணா. பொய் சொல்லியிருக்காங்க."

"எனக்கும் அதான் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வா, தண்ணிக் குழாய் ஒரு மாதிரி இருக்குன்னு."

சின்னவள் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நன்றாக வந்தது. மூடினாள். வந்து உட்கார்ந்து, 'வீடு' என்ற தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் தலைமையாசிரியருக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. டீச்சர் வகுப்பையெல்லாம் பிரிச்சுக்கூடப் போட்டுட்டியே. இந்த நிலைமையிலயும்."

"நான் எதையும் தொடல சார். அம்மாவே போட்டு வச்சிருக்காங்க."

"சரிம்மா" என்றார்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குச் சின்னவள் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டாள். போனை அணைத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அண்ணன் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பத்து மணி ஆயிற்று. தெருவில் யாரோ வண்டி கழுவும் சத்தம் கேட்டது. இருவரும் எழுதும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தேகால் ஆனது. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சின்னவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மடியில் கையை வைத்து, அந்தப் பதினைந்து நிமிடமும் சும்மா இருந்தாள்.

சரியாகப் பத்தரைக்கு அண்ணன் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தான்.