அமைதிக்கு ஒரு போன்

போனை விட்டொழிப்பது எப்படி என்று என் வீட்டுக்காரர் போனில்தான் கற்றுக்கொண்டார். சாப்பிட்டதும் சோபாவில் சாய்வார். வயிற்றின் மேல் தலையணை, தலையணையின் மேல் போன். அதில் யாரோ ஒரு தாடிக்காரன் வெள்ளை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "இந்த போனில் ஒன்றுமே இல்லை" என்று பரவசமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் முடித்ததும் இன்னொருத்தன் வருவான், அவனுக்கும் தாடி. கண் கொட்டாமல் பார்ப்பார். குக்கர் கத்தினாலும் நான் கத்தினாலும் காதில் விழாது.

அந்த போனில் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், அலாரம் வைக்கலாம். அவ்வளவுதான். வாட்ஸ்அப் கிடையாது, கேமரா கிடையாது, திரைகூட செய்தித்தாள் மாதிரி கறுப்பு வெள்ளை. விலை மட்டும் எங்களிடம் இருக்கிற போனைவிட அதிகம்.

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு விலையாங்க?" என்று கேட்டேன்.

"அதான் விஷயமே. உனக்கு இப்பப் புரியாது," என்றார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மனுஷன். போனை அணைக்கிற பொத்தான் அதன் பக்கவாட்டிலேயே இருக்கிறது. ஒரு நாளாவது அதைத் தொட்டதில்லை.

"வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் பழகிப் பாக்கறேன். சரிப்பட்டு வந்தா வாங்கலாம், இல்லைன்னா வேணாம். நீயும் பாத்துச் சொல்லு," என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. மேசை டிராயரில் கிடந்த பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டார். பெரிய போன் பீரோவுக்குள் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் இரண்டு மூன்று நாள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினார். பால்கனியில் நின்று விசிலடித்தார். எங்கள் மகள் சில்லுவோடு உட்கார்ந்து படம் வரைந்தார். நான் வேலை பார்க்கிற லேபில் சொன்னபோது கூட இருப்பவர்கள் அவருக்கு 'போன் சாமியார்' என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. சாமியார் தவத்தில் உட்கார்ந்தார், அவருடைய உலகம் மொத்தமும் என் போனுக்குக் குடிவந்தது. மாமியார் வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, "அவனைக் கொஞ்சம் காட்டும்மா" என்றார். நாத்தனார் என்னிடம் கோபித்துக்கொண்டாள், அவளுடைய பிறந்தநாளுக்கு அவர் வாழ்த்து அனுப்பவில்லையாம். அவர் மறந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், கூரியர்காரர், அவருடைய பள்ளிக்கூட நண்பர்கள், எல்லோருக்கும் ஒரே வசனம்: "சாருக்குக் கொஞ்சம் சொல்லிடுங்க."

அவரும் சும்மா இருந்தாரா? "ஏம்மா, மழை வருமான்னு பாரேன்." "அந்தக் கடை எந்தத் தெருன்னு பாரேன்." "அப்படியே ரெண்டு டிக்கெட் போட்டுடேன்." போன் இல்லாமல் வாழ்கிறவருக்கு நாளெல்லாம் போன் வேண்டியிருந்தது. அது என் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய ஆபீசில் காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டு வரைபடம் போடுகிறார். அங்கே வருகிற மெயில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வீட்டு விஷயத்தில் மட்டும்தான் துறவு.

"எப்படி? வாங்கிடலாமா?" என்று தினமும் கேட்பார். "பாக்கலாங்க" என்பேன். எரிச்சலாக வரும். ஆனாலும் மனுஷன் நிம்மதியாக இருக்கிறாரே, நாமே கெடுப்பானேன் என்று விழுங்கிக்கொள்வேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் செய்கிற லேப் அது. டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து நாங்கள் பல் செய்து கொடுக்கிறோம். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, சின்னத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, பல்லுக்கு உருவம் கொண்டுவர வேண்டும். ஈரம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நடுவில் கவனம் சிதறினால் பூச்சு காய்ந்து வெடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்ததும் போன் அதற்குள் போய்விடும், சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும். முதலாளியம்மா இதில் யாருக்கும் தயவு காட்டமாட்டார். என் வீட்டுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

வியாழக்கிழமைகளில் சில்லுவைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் முறை. அந்த வியாழக்கிழமை ஒரு டாக்டர் இரண்டு முன்பல்லை அன்றைக்கே முடித்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பிடாமல் உட்கார்ந்து முடித்தேன். பசி கண்ணைக் கட்டியபோதுதான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். திரை முழுக்கப் பள்ளி நம்பர். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால், தண்ணீர் மோட்டார் பழுதாம், மதியத்தோடு பள்ளியை மூடுகிறார்களாம், பிள்ளைகளை உடனே வந்து கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்கள். செய்தி வந்து எத்தனையோ நேரமாகியிருந்தது. திருப்பி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அவருக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

பள்ளி கேட் பாதி சாத்தியிருந்தது. சில்லு வாட்ச்மேன் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பள்ளி ஆபீஸ் அம்மா, தோளில் கைப்பையும் முகத்தில் கடுகடுப்புமாக நின்றிருந்தார். மைதானத்தில் வேறு ஒரு பிள்ளைகூட இல்லை.

"ஏம்மா, பெத்த பிள்ளை ஞாபகம் இருக்கா உங்களுக்கு? எத்தனை தடவை அடிக்கறது?" என்றார்.

"வேலையில போன் வெச்சிருக்க முடியாது மேடம். அவருக்கு அடிச்சிருக்கலாமே. ரெண்டு நம்பரும் குடுத்திருக்கோமே."

"எங்க இருக்கு ரெண்டு நம்பர்? சார் போன வாரம் நேர்ல வந்து அவர் நம்பரை எடுக்கச் சொல்லிட்டார். எதுவா இருந்தாலும் அம்மாவுக்கே அனுப்புங்கன்னார். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. குரூப்பிலிருந்து விலகியது தெரியும். நம்பரையே அடித்துவிட்டு வந்தது தெரியாது. வேறு யாரும் செய்யாத வேலை இது. வாங்காத ஒரு போனுக்காகப் பள்ளிக்கு நடந்து போய், தான் இந்தப் பிள்ளைக்கு அப்பா என்கிற ஒரே அடையாளத்தை அழித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

சில்லுவின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு இருந்தது. "நான் அழலம்மா," என்றாள். "உன் கையில பல்லு இருக்கும், அப்பா போன்ல ஒண்ணும் இருக்காது. அதான் சும்மா உக்காந்திருந்தேன்."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

வழக்கமான நேரத்துக்கு, ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல், அவர் தெருமுனையில் நடந்து வந்தார். பட்டன் போன் சட்டைப்பையில் சத்தமில்லாமல் கிடந்திருக்க வேண்டும், மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நீயும் வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "ஏன், நீ பாக்கலையா?"

தெருவென்று பார்த்து அப்போது வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன்.

"நான் பாக்கலையா? என் கை ரெண்டும் எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நம்பரை எடுக்கச் சொன்னீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தேவையில்லாத அழைப்பா வருதுன்னு எடுக்கச் சொன்னேன். ஒரு தடவை தவறிப்போச்சு. அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே?"

"எது தேவையில்லாதது? இத்தனை நாள்ல ஆபீஸ் மெயில் ஒண்ணாவது தவறிச்சா?"

பட்டன் போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "சரி, விடு. அந்த போன் வேணாம், வாங்கல. பழைய போனையே எடுத்துக்கறேன். எனக்குன்னு கொஞ்சம் நிம்மதி கெடைச்சா உனக்குப் பொறுக்கல."

நான் பொறுக்காதவளாம். அவருடைய மழையை, அவருடைய கடைத்தெருவை, அவருடைய அம்மாவை, அவருடைய தங்கையை, எல்லாவற்றையும் சுமந்த எனக்குப் பொறுமை இல்லையாம். பக்கத்தில் இருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கி எறியலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எறியவில்லை. மனசுக்குள் என்னவோ சட்டென்று அடங்கி, தெளிவாகிவிட்டது.

"யார் வேணாம்னு சொன்னா?" என்றேன். "நல்ல போன்தாங்க அது. இத்தனை நாள் பக்கத்துல இருந்து பாத்தவ சொல்றேன். வாங்கலாம்."

"நெஜமாவா?"

"நெஜமா. நானே ஆர்டர் போடறேன். உங்ககிட்டதான் நெட் இல்லையே."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் பள்ளி ஆபீசுக்குப் போனேன். என் நம்பருக்கு மேலே அவருடைய நம்பரை எழுதச் சொன்னேன். முதல் அழைப்பு அப்பாவுக்கு என்று இரண்டு தடவை சொன்னேன். ஆபீஸ் அம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுதினார். லேபில் முதலாளியம்மாவிடம் அந்த போனின் படத்தைக் காட்டினேன். "இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? இதை வேணா பையில வெச்சுக்கோ," என்றார்.

பார்சல் வந்த அன்று அவர் பிள்ளை மாதிரி ஓடிவந்தார். பெட்டியைப் பிரித்தது நான்தான். என் பெரிய போனிலிருந்து சிம்மைக் கழற்றி அந்தக் கறுப்பு வெள்ளைத் திரைக்குள் போட்டேன்.

"என்ன பண்றே? அது எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான் பெரிய போன் இருக்கே, பீரோவுல. உங்க சிம்மை அதுல மாத்தி, சார்ஜும் போட்டு வெச்சிருக்கேன். எல்லா குரூப்புலயும் உங்களைச் சேர்த்துட்டு நான் வெளிய வந்துட்டேன். இனிமே எதுவா இருந்தாலும் அப்பாவுக்கே அனுப்பச் சொல்லியாச்சு."

"ஏய், இதென்ன பழிவாங்கலா?"

"இல்லீங்க. நிம்மதி."

பீரோவுக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவர் பீரோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சில்லுவுக்குத் தலை வாரப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள், முன்பல் ஒன்றுக்குப் பீங்கான் பூசிக்கொண்டிருந்தபோது ஏப்ரன் பைக்குள் மணி அடித்தது. திரையில் அவர் நம்பர். எடுத்தால் சில்லுவின் குரல்.

"அம்மா, இன்னிக்கு சீக்கிரமா விட்டுட்டாங்க."

எனக்கு உயிர் போய் வந்தது. "எங்கடா இருக்கே?"

"கேட்கிட்டதான். அப்பா வந்துட்டாரு. பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாராம், வாட்ச்மேன் சொன்னாரு."

போன் கைமாறியது. அவருக்கு வருகிற செய்திகள் நடுநடுவே டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா," என்றார். குரல் களைத்திருந்தது. "இதெல்லாம் தினமும் இப்படித்தான் வருமா?"

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. கோபம் தீரவில்லை, இன்றுவரை தீரவில்லை. ஆனால் தூரிகையில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"வரும்," என்று சொல்லி வைத்துவிட்டு, காய்வதற்குள் பல்லை முடித்தேன்.