மூன்று லிட்டர் காற்று

பிளாஸ்டிக் குழாயைக் கணவன் கையில் கொடுத்து, "நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்க. நடுவுல நிறுத்தாதிங்க" என்றாள் துர்கா. மணி இரண்டேகால். டாக்டர் ஜெயஸ்ரீ நாலு மணிக்கு வருவார். அதற்குள் இந்த மூச்சுப் பரிசோதனைக் கருவி புதுக் கணினியோடு பேசியாக வேண்டும்.

கிளினிக்கின் பழைய கணினி போன வாரம் உயிரை விட்டது. புதியதில் லினக்ஸ் போட்டது துர்காவின் யோசனைதான். கருவியின் நிரலோ விண்டோஸுக்கென்று எழுதியது. எழுதிய கம்பெனியும் இப்போது இல்லை. எனவே நடுவில் வைன் என்ற ஒன்றை வைத்துத்தான் அதை ஓட்ட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளுக்கு நடுவே தூது போகிறவன் அது. தூதுக்காரன் சில நேரம் சொன்னதில் பாதியை விழுங்கிவிடுவான். அந்தப் பாதி எங்கே போனதென்று கண்டுபிடிப்பதுதான் துர்காவின் பிழைப்பு. காலையில் நிரல் திறந்ததும் மூடிக்கொண்டது. கறுப்புத் திரையில் அதை ஓட விட்டு, பிழை வரிகளைப் படித்து, இல்லாத கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கருவி கண்ணுக்கே தெரியவில்லை. அதைச் செருகியிருந்த யு.எஸ்.பி. வாசலுக்கு அனுமதி கொடுத்தாள். மதியத்துக்கு மேல் நிரல் எழுந்து நின்றது. ஊதிப் பார்க்க ஓர் ஆள்தான் குறை.

பழைய கணினியை வீட்டுக்கு எடுத்துப் போக வந்த கணவன் இளவழகன் வசமாக மாட்டிக்கொண்டான். இன்று அவன் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிப் பக்கம் மாதாந்திர மின்தடை. அதனால் கம்பெனி லீவு. ஊதுவதற்கு அவனைவிட ஆள் கிடைக்காது. சூளையில் ஒருமுறை வெந்து வரும் பொம்மைகளின் மேல் தூசி இருந்தால் மெருகு பிடிக்காது. ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும் என்று சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். துடைத்து, காய வைத்து, பிறகு மெருகுக் குழம்பில் முக்கினால் நாளைக்கு நானூறு உருப்படி எப்படி முடியும்? அதனால் எல்லோரும் ஊதித்தான் விடுவார்கள். இளவழகன் பதினாறு வருடமாக ஊதுகிறான். யானைப் பொம்மையின் காது மடிப்பில் இருக்கும் தூசியும் அவனுடைய ஒரே ஊதலில் பறந்துவிடும். கம்பெனியில் அவனுக்குத் துருத்தி என்றே பெயர்.

ஊதினான். திரையில் கோடு எழுந்து, சட்டென்று சரிந்தது. இருக்க வேண்டியதில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

துர்காவுக்குச் சிரிப்பு வந்தது. "பாதிய முழுங்கிடுச்சு பாருங்க."

"துருத்திக்கே அம்பத்தொண்ணா? உன் மிஷினுக்குத்தான் ஒடம்பு சரியில்ல" என்றான் அவன்.

அவளும் ஊதிப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. அவன் வயதைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பார்த்தாள். முப்பத்தெட்டு, சரி. உயரமும் சரி. கருவியைச் சோதிப்பதற்கென்றே பெட்டியில் ஒரு பெரிய பம்பு இருந்தது. தள்ளினால் சரியாக மூன்று லிட்டர் காற்று போகும். தள்ளினாள். இரண்டு புள்ளி தொண்ணூற்றொன்பது என்றது திரை.

அப்போதும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வைனுக்குப் புதிதாக ஒரு கோப்புறை திறந்து, நிரலை முதலிலிருந்து ஏற்றினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது. தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது பாதிப் படியில் நின்று அவன் போனை எடுத்துப் பார்ப்பான். படியில கூட அந்தச் சனியன விட மாட்டீங்களா என்று எத்தனை முறை ஏசியிருப்பாள். போனில் அவன் எதையும் பார்த்திருக்க மாட்டான் என்று இப்போதுதான் தோன்றியது. குழாயை மறுபடி அவன் கையில் திணித்தாள்.

"இன்னொரு தபா ஊதுங்க."

ஐம்பது. மறுபடி. நாற்பத்தொன்பது. அதற்கு மேல் இருமல் பிடித்துக்கொண்டது. அவன் மேசையைப் பிடித்தபடி குனிந்து இருமினான். துர்கா கறுப்புத் திரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஒரே ஒரு பிழை வரி கிடைத்தால் போதும் என்று பழமலைநாதரை வேண்டிக்கொண்டாள். எத்தனையோ வருடமாக அவள் திட்டித் தீர்த்த பிழை வரிகள். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. தூதுக்காரன் எதையும் விழுங்கவில்லை.

"ஆயிடுச்சா?" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆயிடுச்சு. சரியாத்தான் வேல செய்யுது."

"அப்பறம் மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே?"

"டாக்டரம்மா நாலு மணிக்கு வந்துடுவாங்க. இருந்து காட்டிட்டுப் போவலாம்."

"எத?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் இருந்த எண்ணை அவன் ஒருமுறை பார்த்தான். பார்க்காதவன் போல எழுந்தான். "எனக்கு என்னா? நெஞ்சுல கொஞ்சம் சளி இருக்குது, அவ்ளோதான். பசிக்குது, வூட்டுக்குப் போவலாம் வா."

மூலையில் கிடந்த பழைய கணினியைத் தூக்கக் குனிந்தான். அதன் தலையில் வருடக் கணக்கில் சேர்ந்த தூசி. கை வைப்பதற்கு முன்னால், பதினாறு வருடப் பழக்கத்தில், அவன் உதடு தானாகக் குவிந்து ஊதியது.

துர்கா பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். இருவரும் அப்படியே நின்றார்கள். கிளம்பிய தூசி ஜன்னல் வெயிலில் அவர்கள் முகத்தைச் சுற்றி மிதந்தது. அவள் உள்ளங்கைக்குள் அவன் மூச்சு சூடாக, சின்னச் சின்னதாக முட்டிக்கொண்டிருந்தது.