மலை புரண்டு படுத்த பிறகு

மலை புரண்டு படுத்த மறுவாரம் பள்ளிக்கூட அறையில் கூடியவர்கள் இவர்கள்: மேசைக்குப் பின்னால் மேலத்தெருவைச் சேர்ந்த ஊர்த் தலைவர், ஜன்னலோர நாற்காலிகளில் மேலத்தெருக்காரர்கள், எதிரே, பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்கக் கீழத்தெருக்காரர்கள், கதவருகே கம்பவுண்டர். அவர் வீடு கீழத்தெருவில். மகளைக் கொடுத்தது மேலத்தெருவில்.

அதுவரை ஊற்று மேலத்தெருவின் தலைமாட்டில் இருந்தது. திறந்த வாய்க்காலில் வரும் தண்ணீரில் அவர்கள் பல் விளக்கித் துப்பி, பிள்ளைகளுக்குக் கால் கழுவி, கோழி இறகையும் மிதக்கவிட்டு அனுப்பியதைத்தான் கீழத்தெரு குடித்தது. குழாய் போடச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "ஓடுற தண்ணிதானேய்யா, வந்து சேர்றதுக்குள்ள சுத்தமாயிடும்" என்றார் தலைவர். கம்பவுண்டரின் மனைவி துணி கட்டி வடிகட்டுவாள். துணியில் எப்போதும் யாருடையதோ முடி. ஒரே பக்கமாகக் கிடந்து மலைக்கு மரத்துப்போயிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் மறுபக்கம் திரும்பிப் படுத்தது. சில வீடுகளில் ஓடு சரிந்ததைத் தவிர வேறு சேதமில்லை. கீழத்தெரு உயர்ந்தது, ஊற்றும் அதன் தலைமாட்டுக்கு வந்தது. தெருப்பெயர்களை யாரும் மாற்றவில்லை.

இப்போது குழாய் கேட்டவர் தலைவர். கம்பவுண்டரின் மைத்துனரான கறிக்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ஓடுற தண்ணிதானேய்யா. வந்து சேர்றதுக்குள்ள சுத்தமாயிடும்."

பெஞ்சுகள் ஆட ஆடச் சிரித்தார்கள்.

"மாப்ளே, என் பேத்திக்கு உடம்பெல்லாம் கொப்புளம்டா. பால்குடி மறக்காத புள்ள" என்றார் கம்பவுண்டர்.

"கொதிக்க வெச்சுக் குளிப்பாட்டச் சொல்லுங்க மச்சான். எங்களுக்கு நீங்க அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

குழாய் இல்லை என்று முடிவாயிற்று. முன்பெல்லாம் வீட்டுக் கொல்லையில் மூக்குச் சிந்திய கீழத்தெருக்காரர்கள் இப்போது வாய்க்கால்வரை நடந்துவந்து சிந்தினார்கள். கம்பவுண்டர் மகளுக்குச் சுமந்துபோன குடத்தை அவர் தெருக்காரர்களே பிடுங்கிக் கவிழ்த்தார்கள். மகளையாவது அழைத்து வரலாம் என்றால், கௌரவக் குறைச்சல் என்று சம்பந்தி வீட்டில் விடவில்லை. மைத்துனர் வாய்க்கால் கரையில் குந்தி ஆட்டுக்குடலைப் பிதுக்கிக் கழுவினார். பச்சை நுரை பேத்தி இருந்த வீட்டை நோக்கிப் போயிற்று. கம்பவுண்டருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதுவும் கீழேதானே போகும் என்று தோள்துண்டில் வாந்தியெடுத்து, அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் மலைக்குக் கடிதம் எழுதினார். தேதி போட்டு, நலம் விசாரித்து, தாங்கள் பழையபடியே திரும்பிப் படுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தார்.

மனைவி எட்டிப் பார்த்துப் படித்தாள். "அப்ப நம்ம கதி? மறுபடியும் அவங்க எச்சிலையா?"

"நம்மாளுங்க எச்சிலை அந்தப் புள்ள குடிக்கிறதுக்கு இது தேவலை."

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு, "அனுப்பித் தொலைங்க. பரண்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கி வெச்சிடறேன்" என்று உள்ளே போனாள்.

உறையின் ஓரத்தை நாக்கால் நனைக்கவும் அருவருப்பாக இருந்ததால் பசை தடவி ஒட்டினார். தபால்காரர் எடை பார்த்து, முத்திரை குத்தி, மலைக்குப் போகிற பையில் அதைப் போட்டார்.