பாதாளச்சி நாலாம் பாகத்தில் ஓடியவள்

'பாதாளச்சி' படத்தின் முதல் பாகம் வெளியான வாரம் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டியும் வேலைக்குக் கிளம்பவில்லை. ஊரே ஆழ்குழாய்க் கிணறு போட்டுப் பிழைக்கிற ஊர். அங்கே கொண்டுபோய், ஆழ்குழாய்க்குள்ளிருந்து பேய் ஏறி வருகிற படத்தைக் காட்டினால் வேறு என்ன நடக்கும்? நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அந்தப் படத்தின் வசனக் கேசட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். பதினோராயிரம் கோழிகள் மூன்று நாள் முட்டையை உள்ளேயே வைத்திருந்து நாலாம் நாள் மொத்தமாகப் போட்டன. இதெல்லாம் நிஜமா என்று கேட்பவர்கள் அப்போது பிறக்காதவர்கள். அவர்களிடம் பேசிப் பயனில்லை.

மொத்தம் ஆறு பாகம் வந்தது. ஆறையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ரசிகர் பேரவை வைத்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குருமூர்த்தியின் லாரி பாடி கட்டும் பட்டறையில் கூடுவார்கள். பாதி கட்டி நிற்கிற ஏதாவதொரு லாரியின் மேல் ஏறிப் பலகையில் உட்கார்ந்துகொள்வார்கள். பலகை குருமூர்த்தியுடையது என்பதால் தலைவரும் அவர்தான். இருபது வருடம் ஆந்திராவிலிருந்து ராஜஸ்தான் வரை ரிக் வண்டியோடு சுற்றிய மனிதர்.

பன்னிரண்டு பேரில் ஒரே பெண் கந்தம்மாள். அறுபத்திரண்டு வயது. வையப்பமலையிலிருந்து மொபெட்டில் வருவாள். பேரவையில் அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் இல்லை; ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் ஜெயித்ததில்லை. அது நாலாம் பாகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் மேனேஜர் நந்தகுமாரே நேரில் வந்து லாரியில் ஏறினார். ஆறு பாகங்களுக்கும் புதுப் பிரிண்ட் வந்திருக்கிறதாம். ஆடிப்பெருக்கு அன்று ஒரே நாளில் வரிசையாகப் போடப்போகிறாராம். ஆனால் நேரம் ஐந்து பாகத்துக்குத்தான் இருக்கிறது.

"ஒண்ணக் கழிக்கோணுமுங்க. எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார்.

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது? நாலுதான்" என்றார் குருமூர்த்தி.

"இருங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் கந்தம்மாள். "மொதல்ல எது நல்லதுன்னு பேசுங்க. பொறவு மோசத்துக்கு வரலாம்."

நல்லது எது என்று கேட்டால் குருமூர்த்திக்குக் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாது. "ரெண்டாம் பாகமுங்க. தொளை போடற ராடு எண்ணிப் பாருங்க. முப்பத்தோரு ராடு எறங்குது. ராடு இருவதடி. அறுநூத்தி இருவது. பேயி வந்து என்ன சொல்லுது? அறுநூத்தி இருவதடியில தூங்கிட்டிருந்தேங்குது. ஒரு அடி முன்னப்பின்ன இல்ல. அதுதாங்க படம்."

ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிற அன்பரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. "மூணுதான் சார் டாப்பு. எங்க ஊரு சேகோ பேக்டரித் தொட்டியில உழுந்து, வெள்ளவெளேர்னு பாதாளச்சி எழுந்து நிக்குது பாருங்க… எனக்கு ஒரு வாரம் தொட்டிகிட்ட போகப் பயம் சார்."

"மாவுல உளுந்து எந்திரிச்சா அது பேயா, போண்டாவா?" என்றான் வெல்டர் ஜீவானந்தம்.

"உன் வெல்டிங்க விட அது நல்லா ஒட்டுச்சு, போ."

அஞ்சாம் பாகத்தில் பேய் விமானம் ஏறி மலேசியா போகிறது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவில் பேயின் முகம் எப்படி விழுந்தது என்று குருமூர்த்தி முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அதில் ஒரு பாட்டு இருக்கிறது. "அந்தப் பாட்டுக்கே பால்கனி நெறையுமுங்க" என்றார் நந்தகுமார். ஆறாம் பாகத்துப் பேய் கம்ப்யூட்டரில் செய்தது, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். இருந்தாலும் படம் சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆக, சுற்றிச் சுற்றி நாலாம் பாகத்திலேயே வந்து நின்றது.

"கிளைமாக்சுங்க" என்று குருமூர்த்தி எழுந்து நின்றே நடித்துக் காட்டினார். "போர்க்குழியிலிருந்து பாதாளச்சி கிளம்பறா. மியூசிக் கிளம்புது. ஊரு சனமெல்லாம் அலறியடிச்சு ஓடோணும். ஓடறாங்களா? இடுப்புல கொடத்தோட ஒரு பொம்பள, பேயப் பாத்து ஓடியாறா! மொளங்கையில ஒரு இடி! பேயி சேத்துல உளுவுது. அவ பின்னாடியே ஊரு மொத்தமும் ஓடியாந்து தண்ணியில குதிச்சு ஆடுது. பாதாளச்சி ஓரமா நின்னு தலமுடியப் புளிஞ்சுக்கிட்டிருக்கறா. இது பேய்ப் படமாங்க?"

"கொடத்தக்கா!" என்று பத்துப் பேரும் ஒரே குரலில் கத்திச் சிரித்தார்கள். குடத்தோடு ஓடுகிற அந்த முதுகு, செல்போனில் ஸ்டிக்கராகவே வந்துவிட்டது. கந்தம்மாளின் போனுக்கே தினமும் காலை வணக்கம் அந்த ஸ்டிக்கரில்தான் வரும்.

கந்தம்மாள் சிரிக்கவில்லை. அந்தக் குடம் அவளுடையது. இடித்த முழங்கையும் அவளுடையதுதான்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு அவளுடைய மானாவாரிக் காட்டில் மூன்று ஆழ்குழாய் போர் போட்டு மூன்றும் வெறும் புழுதியாகப் பறந்தன. காடு பொட்டலாகக் கிடந்ததால் படக் கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. சும்மா ஒரு பத்தடி குழி போடு, அதிலிருந்து சிவப்புப் புகை விட்டுக்கொள்கிறோம் என்று டைரக்டர் ரிக் டிரில்லர் மருதாசலத்திடம் சொல்லிவிட்டு, பேய்க்கு மேக்கப் போடப் போனார். மேக்கப் இரண்டு நாள் நடந்தது. மருதாசலம் தன் ஆயுளில் பத்தடியில் நிறுத்தியவர் அல்ல. டைரக்டர் ஏதோ பசி மயக்கத்தில் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ராடுக்கு மேல் ராடாக இறக்கிக்கொண்டே இருந்தார். அறுநூற்று எண்பதடி. பயந்து ஓடுவதற்கென்று ஊர்ச் சனத்தை நிறுத்தி, கேமரா ஓடத் தொடங்கிய நொடியில் தண்ணீர் தென்னை மர உயரத்துக்குப் பீறிட்டது. பிறகு நடந்ததைத்தான் படத்தில் எல்லோரும் பார்த்தார்கள். மறுபடி எடுக்கக் கம்பெனியிடம் பிலிம் மிச்சமில்லை.

படம் வந்தபோது கந்தம்மாளும் அவள் புருஷன் மாரியப்பனும் போனார்கள். அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் தியேட்டரில் நாலு நாற்காலியின் திருகாணி கழன்று விழுந்தது. மாரியப்பன் காதோரம் சாய்ந்து, "நீயும் சிரி புள்ள, இல்லாட்டிக் கண்டுபுடிச்சுருவாங்க" என்றார். அவளும் சிரித்தாள். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு இன்னும் முடியவில்லை. இப்போது சிரிக்கவும் ஆளில்லாதபடி அந்தப் படத்தையே கழிக்கப்போகிறார்கள்.

"கை தூக்கிருங்க" என்றார் குருமூர்த்தி. "நாலக் கழிக்கலாங்கறவங்க?"

பதினொரு கை மேலே போனது.

கந்தம்மாள் எழுந்தாள். "அந்தக் கொடத்தக்கா நாந்தான்."

மேலே போன பதினொரு கையும் இறங்க மறந்து அப்படியே நின்றன. முதலில் தெளிந்தவன் ஜீவானந்தம். போனை எடுத்து ஸ்டிக்கரைத் திறந்தான்.

"அக்கோவ், கொஞ்சம் திரும்பி நில்லுங்க, பாப்போம்."

திரும்பி நின்றாள். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தான். "அதேதாங்க. கொஞ்சம் அகலம் கூடியிருக்குது."

"உனக்கு வாயி அகலமான மாதிரிதான், கண்ணு."

குருமூர்த்தி மட்டும் அசையவில்லை. "இத்தன நாளு சொல்லாம இருந்துட்டீங்களே! அப்படீன்னா உங்க ஓட்டு செல்லாதுங்க. சொந்தப் படத்துக்கு நீங்களே ஓட்டுப் போட முடியாது. பதினொண்ணுக்குப் பூச்சியம்."

"என்ற ஓட்ட நீங்களே வெச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூணு போரு பொய்யாப் போன காடு. ரெண்டு மைலு போய்த் தண்ணி தூக்கறவ நானு. கண்ணெதிருக்க தண்ணி பீச்சுது, பக்கத்துல ஒரு பேயி நிக்குது. நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

"சினிமான்னா பயந்துதான் ஓடோணு—"

"சினிமாவக் கேக்கல. இருவது வருசம் ரிக்கு ஓட்டுன குருமூர்த்தியக் கேக்கறேன்."

குருமூர்த்தி பலகையைப் பார்த்தார். அதில் ஒரு ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் கிடைத்த காட்டுக்காரர்கள் சேறும் சகதியுமாக நின்ற தன்னைக் கட்டிப் பிடித்து அழுததெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்குள் அன்பரசு முந்திக்கொண்டார்.

"நான் பேய் பக்கம்தான் சார் ஓடியிருப்பேன். போன சித்திரையில தண்ணி இல்லாம ஆலைய மூடி வெச்சிருந்தேன். அப்ப பேயே பைப்பு புடிச்சுக்கிட்டு வந்திருந்தாக்கூட உள்ள வாம்மான்னு கூப்பிட்டிருப்பேன்."

"நானுந்தான்" என்றான் ஜீவானந்தம். அங்கங்கே தலைகள் ஆடின.

கடைசியில் குருமூர்த்தி, "தண்ணிப் பக்கந்தாங்க" என்றார். சொன்ன சூட்டோடு, "ஆனாப் படம் மோசமுங்க. அது வேற, இது வேற" என்று சேர்த்துக்கொண்டார்.

"மோசமாவே இருந்துட்டுப் போகட்டும். ஆரு நல்ல படமுன்னாங்க? இருக்கறதுலயே மோசமுன்னு போர்டு எழுதி வெய்யுங்க. ஆனாப் போடுங்க."

நந்தகுமார் நடுவில் புகுந்து சமாதானம் சொன்னார். "சரிங்க்கா, போட்டுருலாம். அந்தச் சீன மட்டும் வெட்டிப்போடறேன். உங்களுக்கும் கேலி மிச்சம், படமும் பேய்ப் படமா ஆயிரும்."

கந்தம்மாளுக்கு முகம் சிவந்தது. "ஆறு பாகத்துல பயந்து ஓடறவங்க அத்தன பேரும் இருக்கோணும். பயப்படாத ஒருத்திய மட்டும் வெட்டோணுமா? வேணுமின்னாப் பேய வெட்டிக்குங்க. தண்ணிய உடுங்க."

"அது எப்படிங்க்கா…"

"உங்க தியேட்டருக்குத் தண்ணி எதுல வருது?"

"டேங்கர் லாரியிலதான். ஏனுங்க?"

"டிரைவருக்குப் போனப் போட்டு எங்க ரொப்பறான்னு கேளுங்க."

நந்தகுமார் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "வையப்பமலை கந்தக்கா காட்டுலதானுங்க" என்றான் டிரைவர். "நாலாம் பாகத்துக்குத் தோண்டுன போருங்க அது, வையப்பமலையில எல்லாருக்கும் தெரியுமே. ஏனுங்க, தண்ணியில பல்லி கில்லி கெடந்துதுங்களா?"

அவர் போனை அணைத்தார். கந்தம்மாளின் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்.

"பயப்படாதீங்க, தண்ணிய நிறுத்த மாட்டேன். அந்தப் புத்தி இருந்திருந்தா அன்னைக்கே அந்தப் பேயத் தண்ணிக்குக் காவல் வெச்சிருப்பேன். ஆனா இன்டர்வெல்லுல மொகங் களுவிக்கிட்டு வந்து என்னப் பாத்துச் சிரிக்கறாங்களே, எந்தத் தண்ணியில களுவுனோமுன்னு அவங்களுக்குத் தெரியோணும். வெட்டாமப் போடுங்க."

மலேசியா போன பேய் கழிக்கப்பட்டது. அதன் பாட்டை மட்டும் இடைவேளையில் தனியாகப் போட்டுக்கொள்வதாக முடிவானது.

ஆடிப்பெருக்கு அன்று தியேட்டர் வாசலில் குருமூர்த்தி தன் கையாலேயே லாரிக்கு எழுதுகிற பெயின்டில் போர்டு எழுதி வைத்தார்: 'தொடரிலேயே மோசமான பாகம். ஒரு அடிகூட வெட்டவில்லை.' மற்ற பாகங்களுக்கு வராத கூட்டம் இதற்கு வந்தது. வாசற்படியில் ஏறும்போதே இரண்டு பேர் மயங்கி விழுந்து, விழுந்தபடியே உள்ளே தூக்கிச் செல்லப்பட்டுப் படம் பார்த்தார்கள்.

கந்தம்மாளும் மாரியப்பனும் பால்கனியின் கடைசி வரிசையில், படம் ஓட்டுகிற ஜன்னலுக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார்கள். திரையில் தண்ணீர் பீறிட்டது. குடத்தோடு அந்த முதுகு ஓடியது. "கொடத்தக்கா!" என்று தியேட்டர் முழுக்க ஒரே கூச்சல், விசில், சிரிப்பு.

கந்தம்மாள் எழுந்து நின்றாள். வெளிச்சத்தில் அவள் தலையும் தோளும் விழுந்து, திரையில் பேய்க்குப் பக்கத்தில் பேயை விடப் பெரிதாக ஒரு நிழல் நின்றது. சிரிப்பு அறுந்தது. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

"உக்காரு புள்ள" என்று மாரியப்பன் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இத்தன வருசம் முதுகத்தான பாத்தாங்க."

"அம்மா, மறைக்குதுங்க!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஆபரேட்டர் கத்தினான்.

"மறைக்கட்டும்" என்றாள் கந்தம்மாள்.

நாலாம் பாகத்தின் மீதி எட்டு நிமிடத்தையும் திருச்செங்கோடு அந்த நிழலைச் சுற்றித்தான் பார்த்தது.